கரிசலில் ரோஜா வராதா? எட்டயபுரத்து ஆச்சி சொன்ன பதில்!

"என் கைக்கு ரோஜா வராது!"

அம்மா பல வருஷமாகச் சொல்லும் வசனம் இது. கோவில்பட்டி வீட்டு வாசலில் அவர் வைத்த ரோஜாச் செடிகளில் ஒன்றுகூட அடுத்த பொங்கலைப் பார்த்ததில்லை. கடைசியாகப் போனது, ஊட்டி டூரில் ஆசையாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்த ஒட்டுக் கன்று. இலை மஞ்சளானதும் நானும் மொபைலில் வீடியோ பார்த்து யோசனை சொன்னேன். "தண்ணி பத்தலம்மா, தினமும் ரெண்டு வேளை ஊத்து." பத்தே நாளில் செடி போய்விட்டது.

தை மாதக் கடைசியில் வேறு ஒரு செய்திக்காக எட்டயபுரம் போனேன். கோவில்பட்டியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். பஸ் ஜன்னலுக்கு வெளியே இருபுறமும் கரிசல் காடு. பருத்தி வெடிக்கத் தொடங்கியிருந்தது. அறுத்த சோளத்தட்டை படப்பாக நின்றது. ஈரம் காயக் காய, நிலத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

பாரதியார் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் ஒரு திண்ணையில் அதைப் பார்த்தேன். பழைய பெயின்ட் வாளிகள் நான்கு, நான்கிலும் பன்னீர் ரோஜா. கத்தரியோடு உட்கார்ந்திருந்த ஆச்சியிடம் அம்மாவின் கதையைச் சொன்னேன்.

"உங்க அம்மா கையில ஒண்ணும் இல்ல தாயி. ஊட்டி மண்ணும் நம்ம மண்ணும் ஒண்ணா? செடி என்ன செய்யும்?" என்றார்.

மண்தான் வில்லன்!

ஆச்சி சொன்னதன் காரணம் எளிது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் குளிர் பிரதேசம். நம்முடையது வெயில் பூமி. கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வெடிக்கும்போது மெல்லிய வேர்கள் அறுந்துபோகும். நனைந்திருக்கும்போது தண்ணீர் சீக்கிரம் வடியாததால் வேர் அழுகும். இந்த மண்ணில் சுண்ணாம்பும் அதிகம் என்பதால், இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது தண்ணீர்த் தாகம் அல்ல, இரும்புச்சத்துக் குறைபாடு. எங்கள் செடிக்கும் அதே அடையாளம்தான். நான் சொன்ன யோசனைதான் அதைக் கொன்றிருக்கிறது!

ஆச்சியின் வைத்தியம்

வாளியின் அடியில் நாலைந்து ஓட்டை, அதன் மேல் ஓட்டுச் சில்லு. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய மாட்டுச்சாணம். கரிசல்? "ஒரு கை போதும், கொழம்புக்கு உப்பு மாதிரி."

போர் தண்ணீர் உப்பாக இருப்பதால் ரோஜாவுக்குக் குடிதண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீரும்தான். மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுகிறார். வாளிகள் கிழக்குத் திண்ணையில் இருப்பதால் காலை வெயில் படும், மதியம் சுவர் நிழல் வந்துவிடும். மண்ணுக்கு மேலே வேப்பஞ்சருகு மூடாக்கு.

கவாத்து விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறோம். அக்டோபரில் வெட்டச் சொல்வது வட இந்தியாவுக்குச் சரி. அங்கே மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் நேரம் அது. நமக்கோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை ஆரம்பம். "அடமழையில கொம்ப வெட்டினா, வெட்டின எடம் கருகிக் கீழ எறங்கிரும். மழை விட்டப்புறம்தான் கத்தரியத் தொடுவேன்" என்றார் ஆச்சி.

யாரிடம் கேட்கலாம்?

முதலில் உங்கள் தெருவில் ரோஜா பூத்திருக்கும் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உங்கள் மண்ணும் தண்ணீரும் வெயிலும் அவர்களுக்கும் அதேதான். அடுத்து, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். கோவில்பட்டிக்காரர்களுக்கு 1901-ல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஊரிலேயே இருக்கிறது. கரிசல் மண்ணையும் மானாவாரியையும் நூறாண்டுக்கு மேலாகப் பார்த்த இடம் அது. கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பதில் கிடைக்கும்.

கேட்கும்போது "ரோஜா வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன மண், என்ன தண்ணீர், எத்தனை மணி நேர வெயில், தொட்டியா தரையா, ஒட்டுக் கன்றா குச்சி நட்டதா என்று சேர்த்துச் சொல்லுங்கள். பதிலும் உங்கள் வீட்டுக்கு ஏற்றதாக வரும்.

கிளம்பும்போது, கவாத்து செய்த குச்சிகளில் பென்சில் கனத்தில் மூன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார் ஆச்சி. "பன்னீர் ரோஜாவுக்கு ஒட்டு வேண்டாம், குச்சியிலேயே வேர் விடும். உங்க அம்மாவையே நடச் சொல்லு."

ஒரு மாதமாகிறது. ஒரு குச்சி காய்ந்துவிட்டது. இரண்டு துளிர்த்திருக்கின்றன. நேற்று ஆபீஸுக்கு அம்மாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது: சிவந்த துளிர், பக்கத்தில் மண் ஒட்டிய அவர் விரல். கூடவே ஒரு கேள்வியும். "அந்த ஆச்சிகிட்ட அடுத்த தடவ மஞ்ச ரோஜா இருக்கான்னு கேளேன்!"