அண்ணம் பிளந்த குட்டி

இந்த இதழ் வந்ததும் கேள்வி-பதில் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். மடிநோய், குடற்புழு, சினை பிடிக்காத கிடாரி என்று எல்லாம் வரும். கழனியைக் காக்கிற நாயைப் பற்றி அபூர்வமாகத்தான் கேட்கிறார்கள். குறையோடு பிறந்த குட்டியைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கேட்பதற்குள் அதன் கதை முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

வாலாஜாபாத் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கழனி, இரண்டு பசு, ஏழெட்டு ஆடு. மகனுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. இரண்டு வருடத்துக்கு முந்தின மார்கழியில், மோட்டார் கொட்டாயில் எங்கள் நாட்டு நாய் ஐந்து குட்டி போட்டது. நாலு குட்டி மடியைப் பிடித்துக்கொண்டன. ஐந்தாவது சப்பிச் சப்பிப் பார்த்தது. பால் மூக்கு வழியாக வந்தது. வாயைத் திறந்தால் மேல் அண்ணம் நடுவில் பிளந்திருந்தது. முன்னங்கால் ஒன்று பாதியோடு நின்றிருந்தது.

மருமகள் அப்போது நாலு மாதம். "மூளியைப் பிள்ளைத்தாச்சி கண்ணுல காட்டாதே. ஏரியில விட்டுட்டு வா" என்றார் என் பெரிய நாத்தனார். கிரகணத்தில் வெளியே வந்தால் குழந்தைக்கு உதடு பிளக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். மருமகள் கேட்டுக்கொண்டே நின்றாள். "பாத்தா ஒட்டிக்குமா அத்தை? டாக்டரையே கேட்டுடலாம்" என்றாள்.

கால்நடை டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கருவில் அண்ணம் இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து நடுவில் சேர வேண்டும். நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள். அதில் முதல் பாதியை ஒட்டியே அது சேர்ந்துவிடும். சேராமல் போவதற்குப் பரம்பரை, அண்ணன் தங்கை உறவில் சேர்வது, சத்துக் குறைவு, சினையில் கொடுக்கும் சில மருந்துகள் என்று காரணங்கள் உண்டு. "மனுசங்களுக்கு மூணாவது மாசம் முடியறதுக்குள்ள அண்ணம் சேர்ந்துடும்மா. உனக்கு நாலு மாசம். இனிமே எதைப் பாத்தாலும் அது பிரியாது" என்றார். அதற்குப் பிறகுதான் என் நெஞ்சு இறங்கியது.

குட்டியைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னார். மூச்சு வாங்கி நுரையீரல் கெட்டிருந்தால் வலியில்லாத ஊசி போடுவது பாவம் இல்லை. இதற்குக் குரல் பலமாக இருக்கிறது, மூன்று நாள் பார்க்கலாம் என்றார்.

கைக்குழந்தைகளுக்குப் போடும் மெல்லிய குழாயை வாய் வழியே வயிற்றுக்கு இறக்கிப் பால் விடக் கற்றுக்கொடுத்தார். இதை டாக்டர் கையால் பார்த்துத்தான் பழக வேண்டும். குழாய் மூச்சுக்குழலில் இறங்கினால் குட்டி செத்துவிடும். குட்டியை மல்லாத்தக் கூடாது, குப்புறவே வைக்க வேண்டும். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்குக் குறையாது. வெறும் பசும்பால் கொடுத்தால் பேதியாகும். அதனால் குட்டிகளுக்கென்று விற்கும் பால்பவுடரை வாங்கினோம். குளிர்ந்த உடம்போடு பால் விட்டால் செரிக்காது. முதலில் சூடு, பிறகு பால். குண்டு பல்பும், வெந்நீர் பாட்டிலைச் சுற்றிய துணியும் அதற்குத் தாய் மடி. ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழ் தடவிவிட்டால்தான் மூத்திரம் போகும்.

முதல் வாரம் இரண்டு மணிக்கு ஒரு தரம். மகன் இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும்போது நடுராத்திரி தாண்டிவிடும். அந்த வேளை அவனுடையது, விடியற்காலை என்னுடையது, பகல் மருமகளுடையது. சமையல் தராசில் தினமும் நிறுத்தோம். பத்து நாளில் எடை இரட்டிக்க வேண்டும். எங்கள் மணிக்குப் பதினைந்து நாள் ஆனது. நடுவில் சளி கட்டி ஐந்து நாள் ஊசி. அந்த ஐந்து நாளும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலாம் மாதம் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அண்ணத்தைத் தைத்தார்கள். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. ஒப்பந்த வேலையில் லீவு என்றால் சம்பளம் இல்லை; மகன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு மூன்று வாரம் குழைந்த சோறுதான், எலும்பு கிடையாது.

இதற்குள் பேத்தி பிறந்தாள். நாத்தனார் வந்ததும் முதலில் குழந்தையின் வாயைத்தான் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. எந்தக் குழந்தைக்காவது உதடோ அண்ணமோ பிளந்திருந்தால் யாரும் ஒளிக்க வேண்டாம். 2013-இல் தொடங்கிய அரசின் சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தில் அதுவும் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் இலவச அறுவை சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

மணி இன்று மூன்று காலில் வரப்பு தாண்டுகிறான். நெல்லில் மயில் இறங்கினால் முதலில் குரைப்பது அவன்தான். இருக்கிற ஒரு முன்னங்காலுக்குப் பாரம் கூடாது என்று உடம்பு போடாமல் பார்த்துக்கொள்கிறோம். மூன்றாம் மாதம் வெறிநாய்த் தடுப்பூசி போட்டோம், அதை வருடா வருடம் தொடர்கிறோம். தாய் நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டோம். மணிக்கும் செய்தாயிற்று, இந்தக் குறை அடுத்த தலைமுறைக்குப் போகக் கூடாது.

கன்று, ஆட்டுக்குட்டி பிறந்தாலும் அன்றைக்கே அண்ணம், தொப்புள், கால், மலத்துவாரம் நாலையும் பாருங்கள். மலத்துவாரம் அடைபட்டுப் பிறந்த குட்டியை உடனே கொண்டுபோனால் பல சமயம் அறுவையில் பிழைக்கும். இரண்டு நாள் தள்ளினால் வயிறு உப்பிச் செத்துவிடும். கிடாவை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்; சொந்தக் குட்டிகளோடே சேரவிட்டால் இப்படிப்பட்ட குறைகள் கூடும். அவசரமென்றால் காத்திருக்க வேண்டாம் என்றுதான் எங்கள் டாக்டர் எப்போதும் சொல்வார். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ மோட்டார் கொட்டாய்க் கதவில் கரியால் எழுதி வைத்திருக்கிறோம்.