13 பாகை

ஓய்வு பெற்ற அன்று முதலாளி எனக்குப் பரிசாகத் தந்தது ஒரு போர்தோ போத்தல். நல்ல வைன்தான், விலையும் கூட. ஆனால் லியோனில், ஒரு பூஷோன் உணவகத்தில், பாதி ஆயுளை பொஜோலே ஊற்றியே கழித்தவனுக்கு அதைக் கொடுக்கலாமா என்று அவர் யோசிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை பொஜோலே என்றால் நவம்பர் மூன்றாம் வியாழன் வெளிவரும் இளம் வைன், நுவோ. வாழைப்பழ வாசமும் மறுநாள் தலையிடியும். 1985இல் அந்த வியாழனைச் சட்டமாக்கினார்கள். அன்றிலிருந்து பொஜோலேயின் உயர்ந்த வைன்களான மொர்கோனும் மூலான்-அ-வானும், தம்பியின் குழப்படிக்கு அண்ணன்மார் அடி வாங்குவதுபோல, பெயர் கெட்டு நிற்கின்றன.

பொஜோலேயின் காமே திராட்சைக்கு அவமானம் புதிதல்ல. 1395இலேயே பர்கண்டிக் கோமகன் பிலிப் அதைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். தெற்கே, பொஜோலேயின் கருங்கல் உக்கிய மண்ணில்தான் அது தன் குணத்தைக் காட்டியது. அந்தக் குணம் மேசைக்கு வந்து சேருமா என்பது செர்வரின் கையில் இருக்கிறது.

காமேயில் துவர்ப்புக் குறைவு. அதைத் தூக்கி நிறுத்துவது புளிப்பு. 20 பாகையில் ஊற்றினால் மதுசாரம்தான் முதலில் மூக்கில் ஏறும், புளிப்பு தளர்ந்துவிடும், பழம் ஜாம் ஆகிவிடும். பொஜோலேயில் ப்ரூயி என்றால் 13 பாகை. மூலான்-அ-வானுக்கு 15, 16 வரை விடலாம். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் பாடம். அந்தப் பாடம் ஹீட்டர் இல்லாத வீடுகளில் எழுதியது. இன்றைய சாப்பாட்டு அறை 22 பாகையில் கொதிக்கிறது.

எனக்குத் தொழில் காட்டிய மதாமிடம் வெப்பமானி கிடையாது. நிலவறையிலிருந்து வந்த போத்தலின் தோளில் மணிக்கட்டின் உட்பக்கத்தை வைப்பார். குளிர் பட வேண்டும், கடிக்கக் கூடாது. கடித்தால் போத்தல் மேசையில் சும்மா நிற்கும். படவேயில்லை என்றால் தண்ணீர் வாளிக்குள், ஒரு பிடி ஐசோடு. பிரிட்ஜை நெருங்க விடமாட்டார். பிரிட்ஜில் வைத்த போத்தலை மறந்துவிடலாம், வாளி காலில் தட்டும் என்பது அவர் நியாயம். குசினிக் கதவருகே இருக்கும் மேசைக்கு ஒரு பாகை குறைவாகவே அனுப்புவார். அங்கே அடுப்பின் சூடு வரும். 46 சென்டிலீட்டர் கொள்ளும், அடி தடித்த லியோன் போத்தலை ஒரே மேசையில் இரண்டாக வைக்கவும் மாட்டார். முதலாவது காலியான பிறகுதான் அடுத்தது கீழிருந்து ஏறிவரும். அந்த அளவு இரண்டு பேருக்கு, வைன் சூடேறுமுன் முடிந்துவிடும். ஆட்கள் நிறைந்த மத்தியானத்தில் எத்தனை முறை படி இறங்கி ஏறினாலும் அவருக்குக் கணக்கில்லை. முழங்கால் எங்களுடையது.

சாப்பாடும் அதற்கு ஏற்றதாக அமைந்த ஊர் இது. பட்டு நெசவாளர்களின் காலைச் சாப்பாட்டிலிருந்து வந்த வழக்கம்: குடல், கொழுப்பு, பன்றி. கடுகுச் சாறோடு குடல் சாசேஜ், அந்துயெத். ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த மாட்டு இரைப்பை, தப்லியே த சப்பர். வினாகிரியும் பூண்டும் சேர்த்த பச்சைச் சீஸ், செர்வெல் த கனு. கொழுப்பு நாக்கில் படிந்து நிற்கும், புளிப்பு அதைக் கழுவும். துவர்ப்புக் கூடிய வைனை இவற்றோடு குடித்தால் உப்பும் கடுகும் சேர்ந்து வாய் கசக்கும். வினாகிரி ஊற்றிய லியோன் சலாதுக்கு முன்னால் புளிப்பில்லாத வைன் சப்பென்று போகும். பழைய மூலான்-அ-வானை மாட்டிறைச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், குடலுக்கு வீணாக்க வேண்டாம்.

வீட்டில் எங்கள் ஆட்டுக்கறிக்கும் இன்னொரு பொஜோலேயான ஷிரூப்ல்தான் ஊற்றுகிறேன். துவர்ப்பும் மதுசாரமும் மிளகாயின் எரிவை ஏற்றிவிடும், குளிர்ந்த காமே எரிவைக் கூட்டுவதில்லை. இதைச் சொன்னால் பிரெஞ்சுக்காரரும் சிரிப்பார்கள், நம்மவர்களும் சிரிப்பார்கள்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறார்கள். கருங்கல், ஊதாப்பூ, எந்தச் சரிவு, எந்த வருடம், எல்லாம் மனப்பாடம். எந்தச் சாப்பாட்டுக்கு எது என்று போனைப் பார்த்துச் சொல்கிறார்கள். போத்தலில் கை வைத்துப் பார்ப்பதில்லை. ஆள் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தால், "பொஜோலே இப்படித்தான், மெசியூ" என்று அவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. முகம் சுளிக்க வைத்தது தோட்டக்காரன் செய்த வைன் அல்ல, 24 பாகை.

போன மாதம் பழைய பூஷோனை எட்டிப் பார்த்தேன். படி ஏற ஆளில்லையாம்; நிலவறையில் கதிரைகளை அடுக்கியிருக்கிறார்கள். வைன் எல்லாம் மேலே, கோப்பி மெஷினுக்குப் பக்கத்துத் தட்டில், மூலான்-அ-வான் உட்பட.