கெப்போங் காட்டில் கொஞ்சம் குனிந்து பாருங்கள்

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். காரணம் இருக்கிறது. அங்குள்ள கபூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவே வாய்க்கால் போல வானத்துக்கு வழிவிட்டு நிற்கும். அதைப் படம் எடுக்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. அடுத்த முறை போனால், படம் எடுத்து முடித்ததும் ஐந்து நிமிடம் குனிந்து பாருங்கள். காலடிச் சருகுக்குள் இன்னோர் ஊர் இருக்கிறது.

இது ஆதிகாலத்துக் காடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மனிதர்கள் நட்டு வளர்த்த காடு இது. ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலமும் காய்கறித் தோட்டமுமாக, மரங்கள் அநேகமாக அழிந்துபோயிருந்த இந்த இடத்தை 1926-ஆம் ஆண்டு ஃபாக்ஸ்வொர்தி என்ற வனவியல் அறிஞர் தேர்ந்தெடுத்தார். 1929-இல் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. 2025-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. மரங்களைத் தேடித் தேடி நட்டார்கள். சிலந்திகளை யாரும் கொண்டு வந்து விடவில்லை. சருகு சேரச் சேர, அவை தாமாக வந்து குடியேறின.

காலை நிகழ்ச்சி முடிந்த ஒரு சனிக்கிழமை, பெரியம்மாவையும் அக்காள் மகனையும் அங்கே அழைத்துப் போயிருந்தேன். பெரியம்மா முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “என்னாடா இது, இவ்ளோ சருகு கெடக்கு? கூட்ட ஆளு இல்லையா?”

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். தோட்டத்தில் சுத்தம் என்றால் மண் தெரிய வேண்டும். லயத்து வாசல் முதல் மரத்தடி வரை அதுதான் கணக்கு. புல் வெட்டுவதும் மருந்து அடிப்பதும் வெளிக்காட்டு வேலையில் பாதி. சருகு என்றால் குப்பை. குப்பை என்றால் கூட்டிக் கொளுத்த வேண்டியது.

அதற்குள் எட்டு வயதுப் பையன் உட்கார்ந்துவிட்டான். கட்டை விரல் நகம் அளவுள்ள பழுப்புச் சிலந்தி ஒன்று, பின்னால் வெள்ளை உருண்டையை இழுத்துக்கொண்டு இலைக்கு இலை தாவியது. அது ஓநாய் சிலந்தி. வலை கட்டிக் காத்திருக்காது; தரையில் ஓடி வேட்டையாடும். அந்த உருண்டைதான் முட்டைப்பை. குஞ்சு பொரித்ததும் அத்தனையும் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். தாய் அவற்றைச் சுமந்துகொண்டே அலையும்.

இதைச் சொன்னதும் பெரியம்மாவும் குனிந்தார். “பாவம், இதுக்கு ஆயாக் கொட்டாய் இல்ல போல.”

சருகுப் படுகையை ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்தளத்தில் காய்ந்து சுருண்ட இலைகள். ஓநாய் சிலந்திக்கும் குதிக்கும் சிலந்திக்கும் அது ஓடவும் ஒளியவும் இடம். கீழே போகப் போக இலை மக்கி, ஈரம் கூடும், சூடு குறையும். அங்கே 2, 3 மில்லிமீட்டர் நீளமே உள்ள சிலந்திகள் வாழ்கின்றன. அவற்றின் உணவு, மக்கும் இலையையும் பூஞ்சையையும் தின்று பெருகும் வால்துள்ளிப் பூச்சிகள் போன்ற சிற்றுயிர்கள். இலை இல்லையென்றால் பூஞ்சை இல்லை, பூச்சி இல்லை, அதைத் தின்னும் சிலந்தியும் இல்லை. வெறும் மண்ணிலும் சில சிலந்திகள் ஓடும். வகை மட்டும் குறைந்துவிடும்.

எவ்வளவு குறையும்? இந்தோனேசியாவின் ஜம்பியில் ஆய்வாளர்கள் மழைக்காடு, காட்டோடு கலந்து வளர்ந்த ரப்பர், தனி ரப்பர்த் தோட்டம், செம்பனைத் தோட்டம் ஆகிய நான்கிலும் சருகைச் சலித்து, அதிலுள்ள சிறு உயிர்களை எண்ணிப் பார்த்தார்கள். 2014-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, மழைக்காட்டோடு ஒப்பிட்டால் செம்பனையில் உயிர்களின் வகையும் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தன.

பால்மரத்துக்கும் செம்பனைக்கும் தரையில் ஒரு வேறுபாடு உண்டு. பால்மரம் ஆண்டுதோறும், இங்கே பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில், இலை கொட்டும். தரை முழுக்க மெத்தை விரித்தாற்போல் ஆகிவிடும். செம்பனையில் அப்படி நடக்காது. குலை வெட்டும்போது வெட்டப்படும் மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்கி வைப்பார்கள். மரத்தைச் சுற்றி வட்டமாக மருந்து அடிப்பார்கள். சருகு வேண்டும் உயிர்களுக்கு அங்கே மிஞ்சுவது அந்த மட்டைக் குவியல்தான்.

சிலந்தி இருந்தால் நமக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். உலகில் உள்ள சிலந்திகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 40 கோடி முதல் 80 கோடி டன் வரை இரை தின்கின்றன என்று 2017-இல் இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த இரையில் பெரும்பங்கு பூச்சிகள். சம்பளம் கேட்காத பூச்சிக்கொல்லி இது.

தைப்பூசத்துக்கு நாம் படியேறும் பத்துமலையிலும் ஒரு தரைச் சிலந்தி உண்டு. அதன் அறிவியல் பெயரே பத்துமலையைக் கொண்டது: லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ். குகைச் சுவரில் பட்டுக்குழாய் கட்டி, கதவு வைத்து, வாசலில் இருந்து நூல்களை விசிறிபோல் நீட்டி வைக்கும். ஏதாவது பூச்சி நூலில் கால் பட்டால் கதவு திறக்கும். இந்தக் குடும்பத்தின் மூதாதையர்கள் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்தவர்கள். வயிற்றின் மேல் பட்டை பட்டையாகத் தகடுகள் உள்ள பழைய உடலமைப்பை இவை இன்னும் விடவில்லை.

கெப்போங்கிலிருந்து திரும்பும் வழியில் பெரியம்மா அண்ணனுக்குப் போன் போட்டார். கெடாவில் அவருக்கு இரண்டு ஏக்கர் பால்மரக் காடு இருக்கிறது. சில மாதத்துக்கு ஒரு முறை அண்ணன் ஆள் வைத்து முழுக் காட்டுக்கும் மருந்து அடித்துவிடுவார்.

“நடுவுல கெடக்குற சருகை விட்டுடு. மருந்து அடிக்காத.”

“பாம்பு வந்தா யாரு பொறுப்பு? இருட்டுல மரம் வெட்டுறவங்க கால வைக்க வேணாமா?”

நியாயமான கேள்வி. பெரியம்மாவுக்கும் அது தெரியும். நெற்றி விளக்கோடு அந்த இருட்டில் நடந்தவர் அவர். அரைமணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் மரத்தடியையும் நடக்கும் பாதையையும் சுத்தமாக வைத்துக்கொள்வது, வரிசைக்கு நடுவே உள்ள சருகைத் தொடாமல் விடுவது என்று முடிவாயிற்று. “ஒரு வருஷம் பாப்போம்” என்றார் அண்ணன். அந்த ஒரு வருஷம் கிடைத்ததே பெரிது.

தாமான் வீட்டில் இருப்பவர்களும் இதைச் செய்யலாம். மாமரத்தடியில் ஒரு மூலைச் சருகை மட்டும் கூட்டாமல் விடுங்கள். ஏடிஸ் கொசு பயம் இருந்தால், தண்ணீர் தேங்கும் டின், தட்டு, குழிந்த பெரிய இலை எதுவும் அங்கே இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு மாதம் கழித்து ஒரு கைப்பிடிச் சருகை வெள்ளைத் தட்டில் உதறி, பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுங்கள்.

இரவில் இன்னொரு வேலை. கைவிளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு புல்தரையைப் பாருங்கள். பச்சையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் மின்னினால், பனித்துளி என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் போனால் சில ஓடும். அவை ஓநாய் சிலந்தியின் கண்கள். எத்தனை ஜோடி என்று எண்ணி வையுங்கள். சருகை விட்டுவைத்த மூலையில் அடுத்த மாதமும் எண்ணிப் பார்க்கலாம்.