பின்பனியில் ஒரு வாடகை வீடு

மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லிவருகிறோம். அப்பாகுபாட்டில் பனி என்பது புல்நுனியில் நிற்கும் துளிதான். பஞ்சுபோல இறங்கி ஊரையே மூடும் பனியை நம் புலவர்கள் கருதியிருக்க வாய்ப்பில்லை. அந்தப் பனியைத் தேடி, அதுவும் அது உருகத் தொடங்கும் காலத்தில், பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் ஒரு வாரத்துக்கு வீடு பார்க்க வேண்டிய நிலை 2025-இல் எங்களுக்கு வாய்த்தது. பங்குனியின் கடைசி நாட்களில் மலையேறிச் சித்திரை பிறந்தபின் இறங்கினோம்.

அக்காவின் குடும்பம் பாரிஸ் புறநகரில் இருக்கிறது. அத்தானின் தாத்தா, புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றைப் போல, 1962-க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர். மலையூர்களில் நெரிசல் ஒரே சமயத்தில் சேராதிருக்க, அந்நாட்டைப் பள்ளி விடுமுறைக்காக மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பாரிஸ் மண்டலத்துக்கு அவ்வாண்டு வசந்த விடுமுறை ஏப்ரல் 12-இல் தொடங்கியது. எங்களுக்கும் அப்போதுதான் விடுப்புக் கிடைத்தது. அம்மா, அக்கா, அத்தான், அவர்களுடைய பதினைந்து வயது மகன், நாங்கள் இருவர் என ஆறு பேர். இவர்களில் பனிச்சறுக்கத் தெரிந்தவர்கள் அத்தானும் மகனும் மட்டுமே. இந்த எளிய கணக்கு எங்களுக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

விடுதி வேண்டாம், சமைத்துக்கொள்ளும் வசதியுள்ள வீடு வேண்டும் என்பதில் மட்டும் தொடக்கத்திலிருந்தே கருத்து வேறுபாடு இல்லை. அம்மா மரக்கறி உணவுக்காரர், உப்பும் குறைவு. சவ்வா மலைநாட்டு உணவோ பெரும்பாலும் உருக்கிய பாலாடைக்கட்டியும் உப்பிட்ட இறைச்சியும்தான்.

வாடகை வீட்டு விளம்பரங்கள் ஒரு தனி இலக்கிய வகை. அவற்றைப் படிக்கவும் உரையாசிரியர் தேவைப்படுகிறார். எங்களுக்கு அத்தான் அப்பணியைச் செய்தார். ‘டி2’ என்றால் சமையற்கட்டும் குளியலறையும் நீங்கலாக இரண்டு அறைகள். ‘கபின்’ என்றால் சன்னலில்லாத சிற்றறை, உள்ளே அடுக்குக் கட்டில். ‘கொவான் மொந்தாஞ்’, அதாவது மலை மூலை என்ற அழகிய பெயருக்குப் பொருள், நடைவழியில் திரைக்குப் பின்னால் ஓர் அடுக்குக் கட்டில் என்பதே. ஆறு பேர் தங்கலாம் என்று போட்டிருந்த வீடுகளில் பல 36 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 390 சதுர அடி. கூடத்து சோபா இரவில் கட்டிலாக விரியும். அதில் படுப்பவர், எல்லோரும் உறங்கிய பின்பே உறங்க முடியும். வாடகை பெரும்பாலும் சனி முதல் சனி வரை. படுக்கை விரிப்பு, இறுதித் துப்புரவு, தலைக்கு இவ்வளவு என்ற சுற்றுலா வரி ஆகியவை அந்தத் தொகையில் பல வேளைகளில் அடங்குவதில்லை. முன்பணம் தனி.

நாங்கள் முதலில் மயங்கியது ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்த ஒரு பழைய ஊரில். மரவீடு, கற்பலகைக் கூரை, கூரைமேல் இரண்டடிப் பனி, பின்னால் கோயில் மணிக்கூண்டு, வாடகையும் குறைவு. அத்தான் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது சனவரியில எடுத்த படம். ஏப்ரல்ல அங்க பசும்புல்தான் இருக்கும்.” பருவத்தின் கடைசியில் ஊரின் அழகையல்ல, உயரத்தையும் சரிவு பார்த்திருக்கும் திசையையுமே பார்க்க வேண்டும் என்று அவர் விளக்கினார். வடக்கு நோக்கிய சரிவில் பனி நெடுநாள் நிற்கும். தெற்கு நோக்கியது முதலில் கரையும். வசந்தப் பனி இரவில் உறைந்து, காலையில் கண்ணாடியாய் இறுகி, முற்பகலில் சறுக்குவதற்குப் பதமாகி, பிற்பகலில் கூழாகிவிடும். தாழ்ந்த மலையூர்கள் சில இதைத் தாங்கமுடியாமல் சறுக்குத் தொழிலையே கைவிட்டிருக்கின்றன. தென் ஆல்ப்ஸில் செயூஸ் என்ற ஊரின் சறுக்குமலை 2018-க்குப் பின் இயங்கவில்லை.

அக்கா மகன் உடனே ‘வால் தொரான்ஸ்’ என்றான். 2300 மீட்டர், ஐரோப்பாவின் மிக உயரமான சறுக்கு ஊர், மே தொடக்கம் வரை பனிக்குக் குறைவில்லை, வாசலிலேயே சறுக்குப் பலகையை மாட்டிக்கொள்ளலாம். நாங்களும் ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டோம். ஆனால் அம்மாவுக்கு இரண்டாண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அவரைப் பார்த்துவரும் மருத்துவர், போய்வரலாம், ஆனால் இரவுத் தங்கல் இரண்டாயிரம் மீட்டருக்குக் கீழே இருக்கட்டும் என்றார். உதகையே 2240 மீட்டர்தானே, அங்கெல்லாம் போனவர்தானே என்று நாங்கள் வாதாடிப் பார்த்தோம். போனது ஸ்டென்டுக்கு முன்பு என்ற ஒரே பதிலில் அவ்வாதம் முடிந்தது.

அன்று மாலை தொலைபேசியில் அம்மா அக்காவிடம் சொன்னார்: “நான் பாரிஸ்லயே உங்க வீட்ல இருந்துக்கறேன். நாலு நாளைக்கு இட்லி மாவு அரைச்சு வச்சிட்டுப் போ. என்னால புள்ளையோட ஆசை ஏன் கெடணும்?” குரலில் வருத்தம் துளியும் இல்லை. வாழ்நாள் முழுதும் சொல்லிப் பழகிய சொற்றொடரைப் போல அது வந்தது. எங்களை உறுத்தியது அதுதான். அம்மாவுக்குப் பனியைக் காட்டவேண்டும் என்றுதான் பயணத் திட்டமே தொடங்கியது; வீடு தேடும் வேகத்தில் அவரைக் கழித்துவிட்டால் எல்லாம் எளிதாகிவிடும் என்ற இடத்துக்கு வந்து நின்றோம்.

மறுநாள் விளம்பரங்களை மீண்டும் முதலிலிருந்து படித்தோம். சறுக்குபவர்கள் பகலில் வீட்டிலேயே இருக்கமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது உயரத்துக்குச் செல்ல ஒரு வழி மட்டுமே. வீடு என்பது உள்ளே இருப்பவருக்கு. இப்படிப் பார்த்தபோது கேள்விகள் மாறின. படி ஏறவேண்டுமா? பகலில் கூடத்துக்கு வெயில் வருமா? சன்னலுக்கு எதிரே மற்றொரு கட்டடத்தின் முதுகு நிற்கிறதா?

அப்படிக் கிடைத்ததுதான் லெஸ் ஆர்க் ஊரின் 1600 மீட்டர் குடியிருப்பு. ஏற்காட்டைவிடச் சற்றே உயரம். ஆனால் அங்கிருந்து கம்பிவட ஊர்திகளைப் பிடித்து, 3226 மீட்டரில் நிற்கும் சிவப்பூசி முனை வரையிலான சரிவுகளை எட்டிவிடலாம். பாரிஸிலிருந்து பூர் சேன் மொரீஸ் வரை இரயில்; அங்கிருந்து பழனி விஞ்ச் போன்ற மலை இரயிலில் ஏழே நிமிடம். வளைந்து வளைந்து ஏறும் பேருந்து இல்லை என்பதே அம்மாவுக்குப் பாதி ஆறுதல்.

1968-இல் திறக்கப்பட்ட அக்குடியிருப்பை வடிவமைத்த குழுவில் முதன்மையானவர் ஷார்லோத் பெரியான். சண்டிகரை வடிவமைத்த லெ கொர்புசியேவிடம் பல்லாண்டு பணியாற்றியவர். மார்செய் நகரின் புகழ்பெற்ற அடுக்ககத்துக்கு, கூடத்தை நோக்கித் திறந்த சமையற்கட்டை உருவாக்கியவரும் அவரே. சமைப்பவர் சுவருக்குப் பின்னால் தனித்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். வெளியிலிருந்து பார்த்தால் மலைமேல் அடுக்கிய மரப்பெட்டிகள் போலிருக்கும் அக்கட்டடங்களில் எங்கள் மரவீட்டுக் கனவின் சாயல் சிறிதும் இல்லை.

வீட்டு உரிமையாளருக்கு அக்கா எழுதிய மின்னஞ்சலில் ஒரு கேள்வி அடுப்பைப் பற்றியது. தூண்டல் அடுப்பா, சாதாரண மின்தட்டா? தூண்டல் அடுப்பென்றால் அலுமினியக் குக்கர் சூடேறாது. குக்கரோ இன்றியமையாதது, அவ்வுயரத்தில் நீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும், துவரம்பருப்பு திறந்த பாத்திரத்தில் எளிதில் மசியாது. சாதாரணத் தட்டுதான் என்று பதில் வந்தது. பெட்டியில் முதலில் ஏறியது குக்கர்.

தேர்வு முழுதும் சரியாக அமைந்தது என்று சொல்லமாட்டோம். நாங்கள் சென்றபோது வீட்டைச் சுற்றிப் பனி திட்டுத்திட்டாக, ஓரங்களில் பழுப்பேறிக் கிடந்தது. “இதுக்கா ஆயா இவ்ளோ தூரம் வந்தீங்க?” என்று அக்கா மகன் முகம் சுளித்தான். நாள்தோறும் முக்கால் மணி நேரத்தை மேலே ஏறுவதிலேயே செலவிட்டான். ஏப்ரல் 14 திங்களன்று, ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ந்த வேப்பம்பூவில் அம்மா பச்சடி செய்தார். அன்று மட்டும் எல்லோரும் மதியத்துக்கே கீழே இறங்கிவந்தார்கள்.

புதன் இரவு பனி விழத் தொடங்கியது. வியாழன் விடிந்தபோது பள்ளத்தாக்கே தெரியவில்லை. சவ்வாவின் உயர்ந்த பகுதிகளில் ஒரே நாளில் ஒரு மீட்டருக்கும் மேல் பொழிந்தது. தீஞ் ஊரில் மக்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டாம் என்று நகரத்தலைவர் ஆணையிட்டார். வால் தொரான்ஸில் பனிச்சரிவு ஓர் உயிரைக் கொண்டுபோனது. அச்செய்தியைக் கேட்டபின் அக்கா மகன் நெடுநேரம் பேசவில்லை. எங்கள் தேர்வு கெட்டிக்காரத்தனமானது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தால் வெட்கப்பட்டிருப்போம்.

அன்று முழுவதும் ஆறு பேரும் அந்த 36 சதுர மீட்டருக்குள் இருந்தோம். அம்மா சன்னலோரம் நாற்காலியைப் போட்டு முற்பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். “சத்தமே இல்லியே” என்று ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான். பிறகு எழுந்து குக்கரை வைத்தார். பேரன் மேடைக்கு இப்புறம் உட்கார்ந்து அவர் சொன்னபடி வெங்காயம் நறுக்கினான். அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். துப்புரவுக்குத் தனிப்பணம் கட்டவில்லையாதலால் நாங்களே பெருக்கித் துடைத்தோம். அடுப்பை மட்டும் அம்மா வேறெவரையும் தொடவிடவில்லை. பூர் சேன் மொரீஸ் நோக்கி இறங்கும் மலை இரயிலில், வீடு பிடித்திருந்ததா என்று கேட்டோம். பனியைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம்.

“சின்ன வீடுதான். ஆனா அடுப்படியில நின்னுக்கிட்டே எல்லாரையும் பாக்க முடிஞ்சுது” என்றார்.