பரணிலிருந்து இறங்கிய பாத்திரங்கள்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. நம்புவதற்கு இதமாக இருக்கும் செய்தியை அவன் விசாரிக்காமலே நம்பிவிடுவான். 2018-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நான் செய்த காரியம் அந்த ரகந்தான்.

அப்போது பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. ஸ்காட் கெல்லி என்ற அமெரிக்க விண்வெளி வீரர் 340 நாள் வானத்தில் தங்கிவிட்டு 2016-இல் திரும்பினார் அல்லவா? அவருடைய டி.என்.ஏ.வில் 7 சதவீதம் மாறிப் போயிற்றாம். அவரும், அவரைவிட ஆறு நிமிஷம் மூத்த இரட்டைச் சகோதரர் மார்க் கெல்லியும் இனி ஒரே அச்சு இல்லையாம்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊரை விட்டுப் போனவன் வேறு ஆளாகத்தான் திரும்புகிறான் என்று முப்பது வருஷமாக நாவல்களில் எழுதி வருகிறேன். அதற்கு விஞ்ஞானமே சாட்சி சொல்ல வந்தால் விடுவேனா? அந்த வாரமே ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். நல்ல கைதட்டல்.

கூட்டத்தின் பின்வரிசையில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். மார்பில் கட்டி எடுத்த பிறகு அவளுக்குக் கதிர் சிகிச்சை நடந்துகொண்டிருந்த சமயம் அது. வீடு திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள்:

"அண்ணா, வானத்துக் கதிர் பட்டே அந்த மனுஷன் வேறு ஆளாகிவிட்டானே, தினம் அதன் கீழே போய்ப் படுக்கிற நான் என்ன ஆவேன்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் மறுநாள் அவள் சிகிச்சைக்குப் புறப்படவில்லை. உடம்பு அசதி என்று சொல்லிவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். கைதட்டல் வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

நான் சொன்னது தப்பு. நாஸாவே விளக்கம் வெளியிட்டிருந்தது. ஸ்காட்டின் மரபணுக்கள் 7 சதவீதம் மாறிவிடவில்லை. அவை வேலை செய்யும் அளவுதான் மாறியிருந்தது. மனிதனுக்கும் சிம்பன்ஸிக்கும் டி.என்.ஏ. எழுத்துக்களில் உள்ள வித்தியாசமே ஒன்று, இரண்டு சதவீதந்தான் என்பார்கள். 7 சதவீதம் மாறியவர் மனிதராகத் திரும்பியிருக்க முடியுமா? இனிமேல் மார்க்கை இரட்டைச் சகோதரர் என்று சொல்லத் தேவையில்லை போலும் என்று ஸ்காட்டே வேடிக்கை செய்திருந்தார்.

தங்கைக்கு இதை எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது. அங்கே அண்டா, குண்டான், ஜோடுதவலை எல்லாம் உறங்கும். அன்றாடச் சமையலுக்கு நாலு பாத்திரம் போதும். கல்யாணம் வந்தால் அத்தனையும் கீழே இறங்கும். முடிந்ததும் மறுபடி பரணேறும். ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் இதே கதைதான். மரபணுக்கள் முழுவதும் அங்கே இருக்கின்றன. எது எப்போது இறங்க வேண்டும் என்பதை அன்றைய நிலைமை தீர்மானிக்கிறது.

பூமிக்குமேல் 400 கிலோமீட்டரில் காற்றுப் போர்வை கிடையாது. சூரியனிலிருந்தும் தொலைதூர நட்சத்திரங்களிலிருந்தும் வரும் கதிர்கள் உடம்பைத் துளைக்கின்றன. எடை இல்லாததால் கால் பக்கத்து நீர் தலைக்கு ஏறுகிறது. அந்தச் சங்கடத்தைச் சமாளிக்க, நோய் எதிர்ப்புக்கும் டி.என்.ஏ.வைப் பழுது பார்ப்பதற்கும் உரிய மரபணுக்கள் பல கீழே இறங்கின. திரும்பி வந்து ஆறு மாதத்துக்குள் பெரும்பாலானவை பரணேறிவிட்டன. கல்யாணம் முடிந்தும் அடுப்படியிலேயே தங்கிவிட்ட இரண்டொரு பாத்திரங்கள்தான் அந்த 7 சதவீதம்.

மறுநாள் அவளை நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: கதிர் வெட்டுவது அது விழும் இடத்து உயிரணுக்களின் டி.என்.ஏ.வை. நல்ல உயிரணு வெட்டை ஒட்டிக்கொள்ளும். கெட்டது அவ்வளவாக ஒட்டத் தெரியாமல் மடியும். அதற்காகத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் கொடுக்கிறோம். தங்கை ஒரு நாளும் பிறகு தவறவில்லை.

அடுத்த வருஷம் ஏப்ரலில் முழு ஆராய்ச்சியும் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் வெளிவந்தது. இந்தத் தடவை விசாரித்தே படித்தேன். துண்டு ஓரத்தில் நூல் பிரியாமல் முடிச்சுப் போடுகிறோமே, அதுபோல் குரோமோசோம் நுனியில் டெலோமியர் இருக்கிறது. வயதாக ஆகக் குறையும் அது, ஸ்காட்டுக்கு வானத்தில் நீண்டிருக்கிறது! இளமை திரும்பியது என்று ஒரு கதை எழுதலாம். ஆனால் தரையிறங்கிய சில நாட்களிலேயே அது குறுகிவிட்டது. முன்னைவிடக் குட்டையானவை சில அதிகமும் ஆகிவிட்டன. சில குரோமோசோம்களில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டதும் உண்மை. பாத்திரம் பரணேறிற்று, ஆனால் ஒன்றிரண்டில் நசுங்கல்.

ஆகையால் போனவன் அப்படியே திரும்புகிறான் என்றும் சொல்ல முடியாது. வேறு ஆளாகிவிட்டான் என்றும் சொல்ல முடியாது. என் நாவல்களில் இந்த நடுவிடத்துக்கு நான் இடமே வைக்கவில்லை.

தங்கை சௌக்கியமாக இருக்கிறாள். சீக்கிரம் களைத்துப் போகிறாள்; பிடிவாதம் மட்டும் ஓர் இம்மியும் குறையவில்லை. நான் கூட்டத்துக்குப் புறப்படும்போதெல்லாம் வாசலில் நின்று கேட்கிறாள்:

"இன்றைக்குச் சொல்லப் போவதை விசாரித்தாகிவிட்டதா, அண்ணா?"