35 நிமிடங்கள்

சிகாகோவில் எனக்குக் கிடைத்த வாடகை வீட்டின் சமையலறையில் ஒரே ஒரு பாத்திரம்தான் இருந்தது. அடி கனத்த, மூடி சரியாகப் பொருந்தாத, முன்பு குடியிருந்த யாரோ விட்டுப் போன பாத்திரம். ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு தமிழ் கற்பிக்கப் போயிருந்தேன். வயது 43. கணவரும் மகளும் திருச்சியில். போன முதல் வாரம் அந்தப் பாத்திரத்தின் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது, எனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று எனக்கே தெரியாது.

மகளுக்கு எது பிடிக்கும் என்று தெரியும். கணவருக்கு ரசத்தில் மிளகு தூக்கலாக இருக்க வேண்டும். மாமியார் இறந்து ஆறு வருடமாகிவிட்டது, ஆனாலும் சாம்பாரில் கத்தரிக்காய் போடக் கை இன்னும் தயங்குகிறது. சங்கப் பாடல்களில் எந்தத் திணையில் என்ன உணவு என்று என் ஆய்வேட்டில் ஒரு முழு இயலே எழுதியிருக்கிறேன். என் நாக்கைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னால் முடியாது. பத்து நாள் தயிர்சோறும் ஊறுகாயும் தின்றேன். பிடித்துத் தின்றதில்லை. வேறு என்ன வேண்டும் என்று கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

மாடியில் குடியிருந்தவர் மெக்சிகோவின் குரேரோ மாநிலத்துக்காரர். பள்ளியில் ஸ்பானிஷ் கற்பிக்கிறார், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று கதவைத் தட்டினார். "வியாழக்கிழமை. எங்கள் ஊரில் இன்று எல்லோரும் பொசோலே சாப்பிடுவார்கள். மேலே வாருங்கள், அரை மணி நேரத்தில் ஒன்று செய்கிறேன். ஆனால் அதைப் பொசோலே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் அம்மாவுக்குக் கேட்டுவிடும்."

அவர் அம்மா இருப்பது மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். அடி கனத்த பாத்திரத்தைக் காயவைத்து, கால் கிலோ சொரீசோவை உறையிலிருந்து பிதுக்கிப் போட்டார். சொரீசோ என்பது வற்றல் மிளகாய், பூண்டு, வினிகர் சேர்த்துப் பிசைந்த பன்றி இறைச்சிச் சாசேஜ். மெக்சிகோவில் அது பச்சையாகவே வரும், ஸ்பெயினில் செய்வதுபோல உலர்த்தி வெட்டித் தின்பது இல்லை. கரண்டியால் உடைத்துவிட்டு வதக்கினால் ஏழெட்டு நிமிடத்தில் சிவந்த எண்ணெய் பிரிந்து வரும். நம்மூர்க் கறிக்குழம்பில் மேலே மிதக்குமே, அந்த நிறம். தனியாக எண்ணெய் வேண்டாம். அதிலேயே ஒரு பெரிய வெங்காயம், நாலு பல் பூண்டு, அரைக் கரண்டி சீரகம், உள்ளங்கையில் கசக்கிய காய்ந்த ஓரிகானோ. பிறகு நாலு கோப்பை கோழிச் சாறு. கடைசியாக ஒரு டின்னைத் திறந்து, தண்ணீரை வடித்து, அலசி, உள்ளே இருந்ததைக் கொட்டினார். 20 நிமிடம் கொதித்தது. உப்பைக் கடைசியில் பார்க்க வேண்டும், சாசேஜிலும் சாறிலும் ஏற்கெனவே உப்பு உண்டு. மேலே தூவ மெல்லிசாக அரிந்த முட்டைக்கோஸ், முள்ளங்கி, கொத்தமல்லி. எலுமிச்சைச் சாறு தாராளமாக.

டின்னில் இருந்தது ஹோமினி. வெளுத்து, கொண்டைக்கடலை அளவுக்கு உப்பிய மக்காச்சோளம். கடித்தால் மெத்தென்று, உள்ளே சிறிது மாவாக இருக்கிறது. என் பிறந்த ஊர் பெரம்பலூர்ப் பக்கம். கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம்தான், அறுவடையில் பெரும்பகுதி தீவன ஆலைக்குப் போய்விடும். தொலைபேசியில் சொன்னதும் அம்மா பதறினாள். "ஏன்டி, அது கோழி திங்கிறதுடி. அங்க சோறு கெடைக்கலையா?" பன்றிக் கறியைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டு உலையில் அது ஏறியதில்லை. எந்தத் தெருவில் அது வேகும் என்பதைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுத்திருந்தார்கள், பாடத்தின் பெயர் சாதி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. முதல் கரண்டியை வாயில் வைக்கும்போது அருவருப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் நானே செய்தேன். கடைச் சொரீசோவின் உறை பிளாஸ்டிக் என்று தெரியாமல் வட்டவட்டமாக நறுக்கி எண்ணெயில் போட்டு, அத்தனையையும் குப்பையில் கொட்டினேன். உறையை உரிக்கச் சொன்னாரா என்று கேட்டால், சொன்னார். நான்தான் கவனிக்கவில்லை.

உண்மையான பொசோலே எப்படிச் செய்வார்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். வெள்ளைப் பொடி. என் அப்பாயியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்ததுதான், சுண்ணாம்பு. உலர்ந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் கழன்று வரும்வரை கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன்பின் ஒவ்வொரு மணியின் அடிநுனியையும் நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். அப்போதுதான் கொதிக்கும்போது மணி பூவாக விரியும். ஒவ்வொரு மணியையும். அவர் பாட்டி முற்றத்தில் உட்கார்ந்து, மருமகள்களையும் பேத்திகளையும் சுற்றி உட்காரவைத்துக் கிள்ளச் சொல்வாராம். ஆண்களை அந்த வட்டத்தில் பார்த்த நினைவு இல்லை என்றார். பிறகு இறைச்சியோடு மணிக்கணக்கில் கொதிக்க வேண்டும்.

இந்தச் சுண்ணாம்புதான் பெரிய விஷயம். சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை அது விடுவிக்கிறது. ஸ்பானியர்கள் சோளத்தைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பில் வேகவைக்கும் முறை கூடப் போகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு கெட்டது, புத்தி பேதலித்தது. பெலக்ரா என்ற அந்த நோயை ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735இல் விவரித்தார். அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கானோர் அதில் செத்தார்கள். உணவில் உள்ள குறையே காரணம் என்று 1914 முதல் ஜோசப் கோல்ட்பெர்கர் ஆராய்ந்து காட்டினார். அந்தக் குறை நியாசின் என்பது 1937இல்தான் தெரிந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே மெக்சிகோவின் பெண்கள் தினமும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். சோளத்தை எடுத்துப் போனவர்களில் யாரும் அடுப்படிக்குள் போய், ஏன் இதைப் போடுகிறாய் என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ரொட்டிக்கானால் அந்தச் சோளத்தை மெட்டாட்டே என்ற கல்லில் அரைக்க வேண்டும். நம் அம்மிபோலத்தான், ஆனால் சரிவானது, மண்டியிட்டு அரைப்பது. விடிவதற்கு முன் தொடங்கினால் பல மணிநேரம் பிடிக்கும். 1920களில் தெபோஸ்த்லான் என்ற ஊருக்கு அரவை இயந்திரம் வந்தபோது ஆண்கள் எதிர்த்ததை ஆஸ்கர் லூயிஸ் என்ற மானிடவியலாளர் பதிவு செய்திருக்கிறார். இயந்திரத்தில் அரைத்த மாவில் ருசி இல்லையாம். வேலை குறைந்தால் பெண்கள் வம்பு பேசுவார்களாம், கெட்டுப்போவார்களாம். கடைசியில் பெண்கள்தான் வென்றார்கள்.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலையும் பார்த்துக்கொண்டு பகுதிநேரமாக நான் முனைவர் பட்டம் செய்த காலத்தில், கடை மாவு வயிற்றுக்கு ஆகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் கணவருடையது. கடைசி இரண்டு வருடம் நான் கல்லூரியிலிருந்து வரும் வழியில் பாக்கெட் மாவு வாங்கினேன். எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, காலியான கவரைக் கைப்பையில் மடித்து வைத்து, மறுநாள் கல்லூரிக் குப்பைத்தொட்டியில் போடுவேன். கிரைண்டருக்கு முன்னால் போயிருக்க வேண்டிய அந்த நேரத்தில்தான் உணவு பற்றிய இயலை எழுதினேன். மாமியார் இட்லியைப் பிட்டுப் பார்த்து, மகன் காதுபட, "இன்னிக்கி மாவு நல்லா பொங்கியிருக்கு, இவ கைப்பக்குவம்" என்பார். தொண்டையில் இட்லி நிற்கும்.

மாடி வீட்டு அக்காவிடம்தான் (அப்படித்தான் கூப்பிடத் தொடங்கியிருந்தேன், அவருக்கும் பழகிவிட்டது) இதை முதலில் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா வந்து தங்கும் நாட்களில் ஹோமினி டின்களை அவர் காரின் டிக்கியில் ஒளித்து வைப்பாராம்.

மார்ச்சில் ஒரு வியாழன், சூப் கொதித்துக்கொண்டிருக்கும்போது மகள் வீடியோவில் வந்தாள். அங்கே வெள்ளிக்கிழமை விடிகாலை, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "உனக்கு மட்டுமா இவ்வளவு செய்யுற?" என்றாள். ஆமாம் என்றேன். பேச்சுவாக்கில் பாக்கெட் மாவுக் கதையைச் சொல்லிவிட்டேன்.

"அது தெரியும்மா. பாட்டி சொல்லுச்சு."

"பாட்டியா?"

"நான் ஏழாவது படிக்கும்போது. உன் பையில கவரைப் பார்த்துட்டு என்னன்னு பாட்டிகிட்ட கேட்டேன். அப்பாகிட்ட சொல்லாதேன்னுச்சு."

அப்படியானால் அந்தப் பாராட்டெல்லாம் எனக்காகச் சொன்னதா, மகனுக்காகச் சொன்னதா? நான் படித்து முடிக்க வேண்டும் என்று நினைத்தாரா, வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தாரா? கேட்க அவர் இல்லை. கத்தரிக்காயைத் தவிர அவருக்கு வேறு எது பிடிக்காது, எது பிடிக்கும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அம்மா, அடிப்பிடிக்குது பாரு" என்றாள் மகள். அடுப்பைக் குறைத்தேன். அடியில் சிவப்பாகப் படிந்திருந்ததைக் கரண்டியால் சுரண்டிவிட்டு, இன்னும் அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன்.