இரண்டு துடுப்பு, ஒரே எண்ணெய்

இலங்கைப் பத்திரிகைகளில் கிரிக்கெட் மட்டைக்குத் துடுப்பு என்றுதான் பெயர். வள்ளம் வலிப்பதற்கும் அதே சொல். ஒன்ராறியோவுக்கு வந்து, ஒரு கனூ துடுப்பை மடியில் வைத்துச் சுரண்டும்வரை இரண்டையும் நான் சேர்த்து நினைத்ததில்லை.

கராஜ் சேலில் பத்து டொலருக்கு வாங்கிய செரி மரத் துடுப்பு அது. அலகில் வார்னிஸ் மீன் செதிலாய்க் கிளம்பியிருந்தது. அடியில் ஈரம் புகுந்து மரம் கறுத்திருந்தது. வார்னிஸ் தோல் மாதிரி. கல்லில் பட்டு ஒரு கீறல் விழுந்தால் போதும், உள்ளே போன தண்ணீர் லேசில் வெளியே வராது. பிடியிலும் அதே வழுவழுப்பு. வியர்த்த உள்ளங்கை ஒட்டி இழுபட்டு, ஒரு மணி நேரத்தில் கொப்புளம்.

பக்கத்து வீட்டுக் கிழவர் பார்த்துவிட்டு, எண்ணெய் பூசச் சொன்னார். வாங்கி வந்த தகரத்தைத் திறந்தேன். மணம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பதின்மூன்று வயது.

அன்றிரவே ஊருக்கு அழைத்தேன்.

"அண்ணை, நாங்கள் கிரிக்கெட் பற்றுக்குப் பூசினது என்ன ஒயில்?"

"லின்சீட் தான்ரா. நீ ஒருக்கா நல்லெண்ணெய் பூசி, பந்தெல்லாம் பிசுக்காக்கி அடி வாங்கினது மறந்திட்டியோ?"

மறக்கவில்லை. நல்லெண்ணெய் பிசுபிசுக்க, லின்சீட் எனும் ஆளி விதை எண்ணெய் மட்டும் ஏன் காய்கிறது என்பதைத்தான் அன்று யாரும் சொல்லித்தரவில்லை. தேடிப் பார்த்தால், காய்தல் என்ற சொல்லே அதற்குச் சரியில்லை. அது காற்றிலிருந்து ஒட்சிசனை இழுத்து, தனக்குள் கொளுவிக் கெட்டியாகிறது. தேங்காயெண்ணெயை எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் இது நடக்காது.

இதை முதலில் கண்டது யார்? 15ஆம் நூற்றாண்டு ஓவியர் யான் வான் ஐக் எண்ணெய் ஓவியத்தைக் கண்டுபிடித்தார் என்று, ஓவியர்களின் வரலாறு எழுதிய வசாரி 1550இல் எழுதிவைத்தார். நல்ல கதை, ஆனால் பிழை. 12ஆம் நூற்றாண்டிலேயே தியோஃபிலஸ் என்ற துறவி ஆளி விதை எண்ணெயில் வண்ணம் குழைக்கும் முறையை எழுதியிருக்கிறார். 2008இல் ஆய்வாளர்கள் இன்னும் பின்னால் போனார்கள்: ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில், 7ஆம் நூற்றாண்டுப் பௌத்த ஓவியங்களில் இப்படிக் கெட்டியாகும் எண்ணெய் இருந்தது. அது அநேகமாக வால்நட் அல்லது கசகசா விதையிலிருந்து எடுத்தது.

என்னை நிறுத்தியது தியோஃபிலஸின் வார்னிஸ் செய்முறை. ஆளி விதை எண்ணெயில் பிசினைப் போட்டுக் காய்ச்சச் சொல்கிறார், அவ்வளவுதான். பாய்மரங்களுக்குப் பூசிய வார்னிஸும் அந்த வழி வந்ததுதான். இரண்டு நாளாய் நான் சுரண்டி எறிந்ததும் பெரும்பாலும் பிசின் சேர்த்த எண்ணெயே! பிசின் மரத்தின் மேல் படலமாய் நிற்கும். வெறும் எண்ணெய் மரத்துக்குள் இறங்கும். வார்னிஸுக்கும் எண்ணெய்க்கும் உள்ள சண்டை அந்தப் பிசினால் மட்டும்தான்.

முதல் பூச்சுக்குக் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து இளக்கினேன். இருபது நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தை அழுத்தித் துடைத்தேன். செரி மரம் கருப்பட்டி நிறத்துக்கு வந்தது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து எடுத்தால், கைக்கு இளஞ்சூடு.

ஒட்சிசனை வாங்கும்போது வெப்பம் வரும். சுருட்டிய துணிக்குள் அது போக இடமில்லை. 1991இல் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடமொன்று பற்றியதும் இந்த எண்ணெய் தோய்ந்த துணிகளால்தான். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

துணியை வாளித் தண்ணீருக்குள் அமுக்கினேன். கிரிக்கெட் மட்டை துடைத்த துணிகளை அந்தக் காலத்தில் எங்கே எறிவோம் என்று யோசித்தேன். அம்மாவின் விறகுக் கொட்டிலுக்குள்.